25,000 ரூபாய்க்குப் பழைய உயர்ரக போனா, புது போனா, அமெரிக்கச் சரக்கா?

கோவை காந்திபுரத்தில் செகண்ட் ஹேண்ட் போன் கடைகளின் கண்ணாடிப் பெட்டி முன்னால் நின்றால் யாருக்கும் கை துறுதுறுக்கும். 2021இல் 79,900 ரூபாய்க்கு வந்த ஐபோன் 13, 2022இல் 59,999க்கு வந்த பிக்சல் 7, 2023இல் 74,999க்கு வந்த கேலக்ஸி எஸ்23 எல்லாம் வரிசையாக இருக்கும். விலை பாதிக்கும் கீழே இறங்கியிருக்கும். நாலு கடை தள்ளிப் போனால் ஏறக்குறைய அதே பணத்துக்குச் சீல் பிரிக்காத புது நடுத்தர போன், ஒரு வருட வாரண்டியோடு. இதற்கிடையில் வாட்ஸ்அப் குரூப்பில் "யுஎஸ் மாடல், அன்லாக்டு, பீஸ் நீட்டா இருக்குதுங்க" என்று இன்னொன்று வந்து விழும், இரண்டையும்விட மலிவாக.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படமும் வீடியோவும் உங்கள் பிழைப்பில் ஒரு பங்கு என்றால், இந்திய பில் இருந்து, இன்னும் இரண்டு வருடமாவது பாதுகாப்பு அப்டேட் வரப்போகிற பழைய உயர்ரக போனை எடுக்கலாம். பேச்சு, யூபிஐ, வாட்ஸ்அப், யூடியூப் இவ்வளவுதான் என்றால் புது நடுத்தர போன். வெளிநாட்டுச் சரக்கு, சொந்தக்காரர் யாராவது தான் வாங்கிய போனைத் தானே கொண்டுவந்து கொடுத்தால் ஒழிய, வேண்டாம்.

மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போட்டால்

பழைய உயர்ரக போன் வாங்கினால் பணம் மிச்சம் என்று பலரும் நினைக்கிறார்கள். 75,000 ரூபாய் சாமான் 25,000க்கு வருகிறது, அப்போது 50,000 லாபம்தானே என்று. அந்த 50,000 முதல் ஆளுக்கு ஆன நட்டம், நமக்கு வந்த லாபம் அல்ல. நம் கணக்கு 25,000இல் தொடங்கித் திரும்ப விற்கும் அன்று முடிகிறது.

எண்களை நானே வைத்துக்கொள்கிறேன், உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள். பழைய உயர்ரக போன் 25,000. பேட்டரி மாற்ற 5,000. இரண்டு வருடம் வைத்திருந்து 13,000க்குத் தள்ளிவிட்டால் ஆன செலவு 17,000, வருடத்துக்கு 8,500. புது நடுத்தர போன் 25,000. பேட்டரிச் செலவு இல்லை. இரண்டு வருடத்தில் 9,000க்குத்தான் போகும். செலவு 16,000, வருடத்துக்கு 8,000. கிட்டத்தட்ட ஒன்றுதான். நாலு வருடம் ஓட்டுகிற ஆள் என்றால் புது போன் கணக்கு வருடத்துக்கு ஐயாயிரம் சொச்சத்துக்கு இறங்கிவிடும். பழைய போனால் அங்கே வர முடியாது, நடுவிலேயே அப்டேட் நின்றுபோகும்.

ஆக, பழைய உயர்ரக போன் மிச்சம் பிடிக்கிற வழி இல்லை. அதே செலவில் வேறு ரகமான சாமான் கையில் வருகிறது, அவ்வளவே. அந்த ரகம் உங்களுக்குத் தேவையா என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஐபோனுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு: திரும்ப விற்கும்போது ஆண்ட்ராய்டு அளவுக்கு விலை விழாது. அதனாலேயே வாங்கும்போதும் பேரம் அவ்வளவாகப் படியாது.

ரகம் என்றால் என்ன? திருப்பூரில் மெர்ச்சண்டைசர், அதாவது ஏற்றுமதி ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை பார்க்கிறவர் சாம்பிள் பீஸைப் படம் எடுத்து வெளிநாட்டு பையருக்கு அனுப்புகிறார். ஷேடு சரியாக வர வேண்டும், தையல் நெருக்கத்தில் தெரிய வேண்டும், டியூப்லைட் வெளிச்சத்திலும் துணியின் நிறம் மஞ்சளடிக்கக் கூடாது. ஈரோட்டிலோ இளம்பிள்ளையிலோ சேலைக்கு வீடியோ போட்டு விற்கிறவருக்குக் கை ஆடாத, முகத்தின் மேல் ஃபோகஸ் தப்பாத வீடியோ வேண்டும். இந்த இரண்டிலும் நாலு வருடப் பழைய ஐபோன் 13, இன்றைய நடுத்தர போன்களில் பெரும்பாலானவற்றை முந்திவிடும். எஸ்23இல் மூன்று மடங்கு நிஜ ஜூம் லென்ஸ் இருக்கிறது. 25,000 ரூபாய்ப் புது போனில் பின்னால் மூன்று வட்டம் தெரிந்தாலும் ஒன்று மட்டும் உருப்படியான லென்ஸ், மற்றவை 2 எம்பி மேக்ரோ போன்ற ஒப்புக்குச் சப்பாணிகளாக இருப்பது சகஜம். வயர்லெஸ் சார்ஜிங், தண்ணீருக்குத் தாங்கும் ஐபி68, வேகமான ஸ்டோரேஜ் எல்லாம் பழைய உயர்ரகத்தின் கூடுதல் வரவு.

எதிர்ப்பக்கம் பேட்டரி. எஸ்22க்கு 3,700 எம்ஏஎச், எஸ்23க்கு 3,900. இன்று புது நடுத்தர போன்கள் 5,000இல் தொடங்குகின்றன. சார்ஜும் அப்படித்தான்: எஸ்22, எஸ்23 இரண்டும் 25 வாட், ஐபோன் 13 சுமார் 20 வாட். புது போன்கள் 45, 80 என்று ஓடுகின்றன. கரூரிலிருந்து காலையில் கிளம்பி வெள்ளகோவில், காங்கேயம், தாராபுரம் என்று லைன் பார்த்துவிட்டு இரவு வீடு திரும்புகிற சேல்ஸ் ஆளுக்கு எஸ்22 ஒத்தே வராது. ஐபோன் 14 வரைக்கும் லைட்னிங் கேபிள். 15 முதல்தான் டைப்-சி. வீட்டில் எல்லாரும் ஒரே வயரில் சார்ஜ் போடும் பழக்கம் என்றால் இதுவும் ஒரு தொல்லை.

அப்டேட் எப்போது நிற்கிறது

பழைய போனின் வயதைவிட, இன்னும் எத்தனை வருடம் கம்பெனி அதைக் கவனிக்கும் என்பதே முக்கியம். வங்கி ஆப், யூபிஐ ஆப் எல்லாம் ஒரு கட்டத்துக்குப் பிறகு பழைய ஆண்ட்ராய்டில் ஓட மறுக்கும். அதற்கு முன்னாலேயே பாதுகாப்பு ஓட்டைகள் அடைபடாமல் நிற்கும். சீட்டுப் பணம், நூல் பணம், பண்ணைக் கணக்கு எல்லாம் ஒரே போனில் இருக்கிற ஊர் இது. லேசாக எடுத்துக்கொள்ளும் விஷயம் அல்ல.

ஆப்பிள் முன்கூட்டி இத்தனை வருடம் என்று பெட்டியில் அச்சடிப்பதில்லை, ஆனால் பழக்கம் தெரியும். 2025 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 26, 2019இன் ஐபோன் 11 வரைக்கும் போய்ச் சேர்ந்தது. 2018இன் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் விடுபட்டன. அதாவது ஏறத்தாழ ஏழு வருடம். அந்தக் கணக்கில் ஐபோன் 11 இப்போது எல்லைக்கோட்டில் நிற்கிறது. அதோடு அது 4ஜி போன், திரை எல்சிடி. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஐபோன் 12 பரவாயில்லை என்று கடைக்காரர் சொல்வார். விலை வித்தியாசம் ஐயாயிரத்துக்குள் என்றால் 13க்கே போய்விடுங்கள், பேட்டரி தெளிவாகவே கூடுதலாக நிற்கும்.

சாம்சங் கணக்கு எழுத்தில் இருக்கிறது. எஸ்21, எஸ்22, எஸ்23க்கு நாலு ஆண்ட்ராய்டு பதிப்பு, ஐந்து வருடப் பாதுகாப்பு அப்டேட் என்பது வாக்கு. எஸ்21 வெளிவந்தது 2021 ஜனவரி. அதன் காலம் 2026 தொடக்கத்தோடு சரி. எஸ்22க்கு 2027 தொடக்கம். எஸ்23க்கு 2028. எஸ்24 முதல் ஏழு வருடம் என்று மாற்றிவிட்டார்கள். எஸ்22ஐ நான் இன்னொரு காரணத்துக்காகவும் தள்ளிவைப்பேன்: அதன் ஸ்னாப்டிராகன் 8 ஜென் 1 சிப் சூடாவதற்குப் பேர்போனது. சாம்சங்கின் சொந்த ஃபவுண்டரியில், அதாவது சிப் ஆலையில், செய்தது அது. எஸ்23இல் உள்ள 8 ஜென் 2 தைவானின் டிஎஸ்எம்சியில் செய்தது. சூடும் குறைவு, பேட்டரியும் கூட நிற்கும். சித்திரை வெயிலில் ஈரோட்டில் பைக்கில் மேப் போட்டு ஓட்டினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் கையில் சுடும்.

பிக்சல் 7க்கு ஐந்து வருடம், 2027 அக்டோபர் வரை. பிக்சல் 8 முதல் ஏழு வருடம். பிக்சலில் ஏ வரிசையை எடுக்கிறவர்கள் கொஞ்சம் விசாரித்துவிட்டு எடுங்கள். 4ஏ, 6ஏ இரண்டிலும் பேட்டரி சூடாகும் ஆபத்து என்று 2025இல் கூகுளே அப்டேட் அனுப்பிப் பேட்டரியின் கொள்ளளவைக் குறைத்தது. 7ஏயில் பேட்டரி உப்பும் குறைக்குத் தனித் திட்டம் போட்டது. மலிவாக அலைகிற 6ஏ எதனால் மலிவு என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

"அன்லாக்டு" என்று சொன்னால் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்

நம்மூரில் கடையில் வாங்கும் போனில் ஜியோ சிம்மும் போடலாம், ஏர்டெல்லும் போடலாம். நெட்வொர்க் பூட்டு என்பது இங்கே பெரும்பாலும் இல்லாத வழக்கம். அமெரிக்காவில் அப்படி இல்லை. அங்கே சிம் நிறுவனங்களே தவணையில் போன் கொடுக்கும். தவணை முடியும் வரை வேறு நிறுவனத்தின் சிம் வேலை செய்யாதபடி பூட்டி வைக்கும். அதனால் ஒருவர் விளம்பரத்தில் அன்லாக்டு என்று அழுத்திச் சொன்னால், சரக்கு கடல் தாண்டியது என்று வைத்துக்கொள்ளலாம்.

கடல் தாண்டியதே குற்றம் என்று சொல்லவில்லை. எஸ்21ஐ எடுத்துக்கொண்டால் இந்தியாவில் சாம்சங்கின் சொந்த சிப்பான எக்ஸினோஸ் 2100, அமெரிக்காவில் ஸ்னாப்டிராகன் 888. சிப்புக்காகவே அமெரிக்க மாடலைத் தேடியவர்கள் உண்டு. ஆனால் எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். பயன்படுத்திய போன்களை மொத்தமாக இறக்குமதி செய்ய இங்கே கட்டுப்பாடு இருக்கிறது. 2016இல் ஆப்பிள் நிறுவனமே பழைய ஐபோன்களைக் கொண்டுவந்து விற்க அனுமதி கேட்டபோது அரசு ஒப்பவில்லை. அப்படியிருக்க, ஒரு கடையில் நாற்பது அமெரிக்க ஐபோன் அடுக்கி வைத்திருந்தால், அவற்றுக்கு முறையான பில் எங்கிருந்து வரும்? அங்கே தவணை கட்டாமல் விட்டுக் கறுப்புப் பட்டியலில் விழுந்தவை, காப்பீட்டுக் கழிவு, பாகம் மாற்றி ஒட்டியவை எல்லாம் இந்தக் குவியலில் கலந்திருக்கும்.

திருப்பூர் காதர்பேட்டையில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் பனியன் வாங்கிப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல. துணி அதே துணி, லேபிள் மட்டும் வெட்டியிருக்கும். சில பீஸில் தையல் விட்டிருக்கும். நூறு ரூபாய் பனியனில் பத்துக்கு ஒன்று போனால் போகட்டும். 25,000 ரூபாய்க்கு எடுப்பதே ஒரு பீஸ்தான்.

அதையும் மீறி எடுத்தால் அன்றாடத்தில் வரும் சங்கடங்கள் வேறு. ஐபோன் 14 முதல் அமெரிக்க மாடல்களில் சிம் போடும் தட்டே கிடையாது, முழுக்க போனுக்குள்ளேயே பதிந்த இ-சிம். இ-சிம் இங்கேயும் கிடைக்கிறது, அது பிரச்சினை இல்லை. வண்டியில் போகும்போது போன் கீழே விழுந்து திரை போனால், சிம்மைக் கழற்றிப் பக்கத்து ஆள் போனில் போட்டு ஓடிபி வாங்குகிற வசதி போய்விடும், அதுதான் பிரச்சினை. சீனா, ஹாங்காங் ஐபோன்களில் இதற்கு நேரெதிராக இரண்டு சிம்மும் போடலாம். சிலருக்கு அது வசதி. ஜப்பான் மாடலில் படம் எடுக்கும் சத்தத்தை நிறுத்த முடியாமல் போகலாம். ஒரம்பரை (உறவினர்) வீட்டு விசேஷத்தில் மேடையோரம் நின்று நாற்பது படம் எடுத்துப் பாருங்கள், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் திரும்பிப் பார்ப்பார். துபாய்க்குப் போன பையன் கொண்டுவரும் ஐபோனில் ஃபேஸ்டைம் இல்லாமல் போகலாம்.

சாம்சங்கில் நம்மவர்களுக்கு இன்னும் பெரிய இழப்பு ஒன்று இருக்கிறது. இந்திய சாம்சங்கில் கால் ரெக்கார்டிங் உள்ளேயே வரும். அமெரிக்க மாடலில் வராமல் போகலாம். நூல் புரோக்கர், தேங்காய் வியாபாரி, ஃபைனான்ஸ்காரர் யாராக இருந்தாலும் விலை பேசியதைப் பதிந்து வைத்துக்கொள்வது இந்தப் பக்கத்துத் தொழில் வழக்கம். ஐபோனில் ஐஓஎஸ் 18.1 முதல் பதிவு உண்டு, ஆனால் பதிவு செய்யப்படுகிறது என்று எதிராளிக்கும் அறிவித்துவிடும். கூகுளின் போன் ஆப்பும் அப்படியே. இந்த ஒரு காரணத்துக்காகவே இந்திய சாம்சங்கை விட்டு நகராதவர்களைப் பொள்ளாச்சியில் நிறையப் பார்க்கலாம். ஜியோவில் 2ஜி, 3ஜி கிடையாது, வோல்டிஇ (4ஜி வழியாகப் பேசும் வசதி) வேலை செய்தால்தான் அழைப்பே போகும் என்பதால், அமெரிக்க சிம் நிறுவனத்துக்காகச் செய்த போனில் உங்கள் சிம்மைப் போட்டு ஒரு அழைப்புப் பேசிப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

ரிப்பேர் என்று வந்தால் இங்கே விற்காத மாடலுக்குப் பாகம் கிடைப்பது கஷ்டம். பிக்சல் 6, 6 ப்ரோ இரண்டும் இந்தியாவில் விற்பனைக்கே வரவில்லை. கோயம்புத்தூர் சர்வீஸ் சென்டரில் அதற்குத் திரை கேட்டால் உதட்டைப் பிதுக்குவார்கள்.

எந்த நாட்டுப் போன் என்று கண்டுபிடிப்பது எளிது. ஐபோனில் செட்டிங்ஸில் ஜெனரல், அபௌட் போய் மாடல் எண்ணைப் பாருங்கள். கடைசியில் எச்என்/ஏ என்றால் இந்தியா, எல்எல்/ஏ அமெரிக்கா, ஜே/ஏ ஜப்பான். முதல் எழுத்தும் பேசும்: எம் என்றால் புதிதாக விற்றது, எஃப் என்றால் ஆப்பிள் புதுப்பித்து விற்றது, என் என்றால் சர்வீஸில் மாற்றிக் கொடுத்தது. அதே பக்கத்தில் கேரியர் லாக் என்ற வரியில் "நோ சிம் ரெஸ்ட்ரிக்ஷன்ஸ்" என்று இருக்க வேண்டும். இல்லையென்றால் சிம்மோடு ஒட்டிய மெல்லிய சிப் வைத்துப் பூட்டை ஏமாற்றியிருப்பார்கள். அடுத்த அப்டேட்டில் அது படுத்துக்கொள்ளலாம். பெட்டி இருந்தால் அதையும் திருப்பிப் பாருங்கள். இந்தியாவில் விற்கும் பெட்டியில் எம்ஆர்பி, தயாரித்த அல்லது இறக்குமதியான மாதம் வருடம், இறக்குமதியாளர் முகவரி எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும் என்பது சட்டம். ரூபாய் விலை இல்லாத பெட்டி இந்தியக் கடைக்காக வந்த பெட்டி அல்ல.

யாரிடம் வாங்குவது

தெரிந்தவர் ஒருவர் தான் வாங்கி, தானே வைத்திருந்து, பில்லோடு கொடுக்கும் போன்தான் எல்லாவற்றிலும் மேல். சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் ஐடி வேலையில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை போன் மாற்றுகிறார்கள். எக்ஸ்சேஞ்சில் கம்பெனி கொடுக்கும் விலை அவர்களுக்கும் வயிற்றெரிச்சல்தான். அந்த விலைக்கு மேல் இரண்டாயிரம் கொடுத்தால் இருவருக்கும் நல்லது. சொந்தத்தில், நட்பில் முதலில் கேட்டுப் பாருங்கள்.

கடை என்றால் விலை கொஞ்சம் கூடும், ஆனால் திரும்பிப் போய்க் கேட்க ஓர் இடம் இருக்கும். நல்ல கடைக்காரர் ஐஎம்இஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் தனியாக உள்ள அடையாள எண்) போட்டு பில் தருவார், ஒரு வாரமாவது மாற்றித் தரும் வாக்குக் கொடுப்பார். "பில் எல்லாம் எதுக்குங்ணா, நம்ம கடைதானுங்க" என்கிறவரிடம் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். ஆன்லைனில் புதுப்பித்து விற்கும் நிறுவனங்கள் ஆறு மாதம், ஒரு வருடம் வாரண்டி தருகின்றன. பேட்டரியும் திரையும் அந்த வாரண்டிக்குள் வருமா, மாற்றிய பாகம் கம்பெனி பாகமா என்பதைச் சிறிய எழுத்தில் தேடிப் படிக்க வேண்டும். ஆப்பிள் தானே புதுப்பித்த ஐபோன்களை மற்ற நாடுகளில் விற்பதுபோல இந்தியாவில் விற்பதில்லை, ஆகவே இங்கே ரீஃபர்பிஷ்டு என்பது விற்கிறவரின் தரம்தான்.

நான்காவது ஒரு வழி இருக்கிறது, பலரும் மறந்துவிடுவது. தீபாவளிக்கு முந்தைய ஆன்லைன் தள்ளுபடியில் போன வருட, அதற்கு முந்தைய வருட உயர்ரக மாடல்கள் சீல் பிரிக்காமலே பெரிய அளவில் இறங்கும். வங்கி அட்டைச் சலுகையையும் பழைய போன் எக்ஸ்சேஞ்சையும் சேர்த்தால், செகண்ட் ஹேண்ட் விலைக்கு மேல் ஏழெட்டாயிரம்தான் வரும். ஒரு வருட வாரண்டியும் புது பேட்டரியும் அந்த வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். ஆடி மாதம் போன் கெட்டுப்போய், நோம்பி (பண்டிகை) வரைக்கும் பழையதை வைத்து ஓட்ட முடிந்தால், காத்திருப்பதே நல்லது. இங்கேயும் பெட்டியின் தயாரிப்பு மாதத்தைப் பார்க்கவும். இரண்டு வருடம் குடோனில் கிடந்த பேட்டரி பெட்டிக்குள்ளேயே கொஞ்சம் தேய்ந்திருக்கும்.

மேஜையில் வைத்துப் பார்க்க வேண்டியவை

முதலில் களவுப் பொருளா என்று பாருங்கள். *#06# அடித்தால் ஐஎம்இஐ வரும். அது பெட்டியிலும் பில்லிலும் உள்ள எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஆங்கிலத்தில் கேஒய்எம் என்ற மூன்று எழுத்து, ஒரு இடைவெளி, பிறகு 15 இலக்க ஐஎம்இஐ, இதை 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண் தடைப்பட்டதா, போலியா என்று பதில் வரும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி ஆப்பிலும் பார்க்கலாம். 2023 மே முதல் நாடு முழுக்க நடைமுறையில் இருக்கும் இந்த ஏற்பாட்டின் மூலம் தொலைந்த போனில் யார் சிம் போட்டாலும் காவல்துறைக்குத் தெரிந்துவிடும். போன் உரியவரிடம் போய்விடும், உங்கள் பணம் வராது. தெரிந்தே வாங்கியிருந்தால் வழக்கும் சேரும். அதனால் தனி ஆளிடம் வாங்கும்போது பழைய பில், அவருடைய அடையாள அட்டை நகல், ஐஎம்இஐ எழுதிய ஒரு வெள்ளைத்தாள் ரசீது மூன்றும் கையில் இருக்கட்டும்.

அடுத்தது பூட்டுகள். ஐபோன் என்றால் விற்கிறவர் உங்கள் கண்முன் ஐகிளவுடிலிருந்து வெளியேறி, ஃபைண்ட் மை அணைத்து, முழுக்க அழித்துத் தர வேண்டும். ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கு. "வீட்டுக்குப் போய் ரிமூவ் பண்ணிக்கறேனுங்க" என்பதற்கு இடமே கொடுக்காதீர்கள். இதைவிடத் தந்திரமானது தவணைப் பூட்டு: மாதத் தவணையில் வாங்கிய போனைக் கடன் கொடுத்த நிறுவனம் எங்கிருந்தோ பூட்டிவிடும். அழித்து ரீசெட் செய்தாலும் இணையத்தில் சேர்ந்ததும் பூட்டு திரும்ப வந்து உட்காரும். எனவே ரீசெட் செய்த பிறகு, உங்கள் சிம் போட்டு, டேட்டா ஆன் செய்து, ஒரு டீ குடிக்கும் நேரம் கடையிலேயே உட்காருங்கள். கம்பெனி கொடுத்த போனாக இருந்தால் ரிமோட் மேனேஜ்மெண்ட் என்ற திரையும் அந்த நேரத்தில்தான் எட்டிப் பார்க்கும்.

ஐபோன் 12 முதல் திரை, பேட்டரி, கேமரா மாற்றியிருந்தால் அபௌட் பக்கத்திலேயே வரலாறு வரும். கம்பெனி பாகம் என்றால் அப்படிச் சொல்லும், இல்லையென்றால் அன்நோன் பார்ட் என்று காட்டிக்கொடுத்துவிடும். பேட்டரி ஹெல்த் 80க்குக் கீழ் என்றால் மாற்றும் செலவை விலையிலேயே கழிக்கச் சொல்லுங்கள். 14 வரையிலான ஐபோன்களின் பேட்டரி 500 முழுச் சுற்றில் 80 சதவீதத்துக்கு வரும் வகையில் செய்தது என்று ஆப்பிளே சொல்கிறது. 15 முதல் அது 1,000 சுற்று. நாலு வருடப் பழைய 13இல் 100 சதவீதம் காட்டினால் சந்தோஷப்பட வேண்டாம், பேட்டரி மாற்றியது என்று பொருள், எந்தப் பேட்டரி என்பதே கேள்வி.

சாம்சங்கில் *#0*# அடித்தால் திரைச் சோதனை வரும். சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றிலும் கோடு, கறை தெரிகிறதா என்று நிதானமாகப் பாருங்கள். சாம்சங், ஒன்பிளஸ் உட்படப் பல அமோலெட் போன்களில் ஒரு அப்டேட்டுக்குப் பிறகு பச்சைக் கோடு விழுந்ததாகப் புகார்கள் குவிந்தன. சில மாடல்களுக்குக் கம்பெனிகள் இலவசமாகத் திரை மாற்றிக் கொடுத்தன. பழைய எஸ்20, எஸ்21, ஒன்பிளஸ் 8, 9 வரிசைகளில் இந்த ஆபத்தை விலையில் சேர்த்தே பேசுங்கள். திரை மாற்றும் விலையை சர்வீஸ் சென்டரில் ஒரு போன் போட்டு முன்னாலேயே கேட்டுக்கொண்டால் பேரத்துக்கு நல்ல பிடி கிடைக்கும். மெர்ச்சண்டைசர் அக்கா யாராவது இதைப் படித்தால்: டூப்ளிகேட் திரை போட்ட போனில் ஷேடு பார்க்கவே பார்க்காதீர்கள், கடற்படை நீலம் அதில் கறுப்பாகத்தான் தெரியும். ஒரிஜினல் திரையிலும், சுற்று வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தை மாற்றும் ட்ரூ டோனை அணைத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

நம் பக்கத்துக்கே உரிய இரண்டு. சோமனூர், பல்லடம், திருப்பூரில் ஓடிய போன் என்றால் சார்ஜ் ஓட்டையிலும் ஸ்பீக்கர் வலையிலும் பஞ்சு அடைத்திருக்கும். டார்ச் அடித்துப் பாருங்கள். வயர் முழுதாக உள்ளே போய் உட்கார்ந்து சார்ஜ் ஏறுகிறதா, பேசினால் எதிராளிக்குக் குரல் தெளிவாகக் கேட்கிறதா என்று சோதியுங்கள். பெரும்பாலும் சுத்தம் செய்தால் சரியாகிவிடும், ஆனால் ஊசி விட்டுக் குத்தியிருந்தால் சரியாகாது. இரண்டாவது பைக். ஹேண்டில்பாரில் போனை மாட்டி ஓட்டினால் என்ஜின் அதிர்வு கேமராவின் ஆட்டந்தாங்கும் பாகத்தைக் கெடுக்கும் என்று 2021இல் ஆப்பிளே எச்சரிக்கை வெளியிட்டது. டெலிவரி வேலையில் ஓடிய போனில் கேமராவைத் திறந்து வீடியோ எடுங்கள். படம் துடித்தாலோ கேமராவிலிருந்து ரீங்காரம் வந்தாலோ, நீங்கள் எதற்காகப் பழைய உயர்ரகம் தேடி வந்தீர்களோ அதுவே போய்விட்டது. ஐபி68 என்பதையும் பழைய போனில் நம்ப வேண்டாம், ஒருமுறை திறந்து பாகம் மாற்றியிருந்தால் அந்த அடைப்பு போனதுதான்.

யாருக்கு எது

அக்கா பையன் ஒருவன் பல்லடத்திலிருந்து கூப்பிட்டு, "மாமா, இருபத்தஞ்சுக்கு ஐபோன் கிடைக்குதுங்க, எடுத்துக்கட்டுங்களா?" என்றான். எதுக்குடா மாப்ளே என்றால், கல்லூரியில் எல்லாரும் வைத்திருக்கிறார்களாம். அவனுக்குப் புது நடுத்தர போன்தான் சொன்னேன். கீழே போட்டால் திரை மாற்றும் காசு கட்டுப்படியாகும், விளையாட பேட்டரி நிற்கும், நாலு வருடம் படிப்பு முடியும் வரை ஓடும். அவன் முகம் சுருங்கியது போனிலேயே தெரிந்தது.

அவன் அக்கா திருப்பூரில் பொட்டிக் வைத்து இன்ஸ்டாகிராமில் விற்கிறாள். அவளுக்கு இந்திய பில் உள்ள ஐபோன் 13; 128 ஜிபிக்குக் குறைந்து அது வருவதே இல்லை. மெமரி கார்டு போட வழியில்லாத போன் என்பதால் இதுவும் முக்கியம். லைன் பார்க்கும் ஆளுக்கு, கால் ரெக்கார்டிங்கும் நல்ல கேமராவும் சேர்ந்து வேண்டும் என்றால் இந்திய எஸ்23, கையில் ஒரு பவர் பேங்க். வீட்டில் பெரியவர்களுக்கு எழுத்துப் பெரிதாகத் தெரிந்து, சத்தம் பலமாகக் கேட்டு, இரண்டு நாளைக்கு ஒருமுறை சார்ஜ் போட்டால் போதும் என்றால் பழைய உயர்ரகத்தை எட்டிக்கூடப் பார்க்க வேண்டாம்.

பட்ஜெட் 15,000க்குள் என்றால் தேர்வே இல்லை. அந்த விலைக்கு வரும் உயர்ரகம் எல்லாம் ஐபோன் 11, எஸ்20, எஸ்21 போல அப்டேட் முடிந்தவை அல்லது முடியப்போகிறவை. புதிதாக ஒரு 5ஜி போனை வாரண்டியோடு எடுத்துக்கொண்டு, மிச்சத்துக்கு நல்ல கவரும் டெம்பர் கிளாஸும் போட்டுக்கொள்ளுங்கள்.